கத்தாத பெட்டி

மீன் விற்கும் ஜெசிந்தாவின் மணிக்கட்டில் தயக்கமானி எண்பத்தொன்பதைக் காட்டியது. ஐம்பதைத் தாண்டினால் சந்தையில் இடம் கிடையாது. மீன் சந்தையைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் அப்படித்தான் சட்டம் போட்டிருந்தது. கைபேசிக்குள் இருக்கும் ‘காற்றுப்பை’ என்ற மின்பணப்பையில் பணம் வாங்க மனம் ஒப்பாதவர்கள் திங்கட்கிழமை கூடையைத் தூக்கிவிட வேண்டும்.

நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் வைத்து, மனம் எந்த நொடியில் பின்வாங்குகிறது என்று சொல்லும் கருவி அது. அதை இயக்க வந்தவள் ரெக்சலின், அந்தக் கடற்கரைத் தெருவின் முதல் பட்டதாரி. நிறுவனத்தின் மேலாளர் சுதர்சனம் கருவி வரைந்து தந்த வரைபடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. படிக்காத பொம்பளைகள், திரையைக் கண்டால் பயம் என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

ரெக்சலினுக்குச் சுருக்கென்றது. வரைபடத்தை அவள் பார்த்தாள். திரையைத் தொடும்போது ஜெசிந்தாவின் எண் வெறும் ஒன்பது. பணம் வந்ததும் அறிவிப்புப் பெட்டி, “ஆயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது” என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்துகிறதே, அங்கேதான் எகிறியிருந்தது.

காரணம் கேட்டாள்.

“போன்ல என்னட்டி பயம்? இது கத்துனா டீக்கடையில நிக்கிற எம் புருசனுக்குக் கேக்கும். மவ காலேஜுக்குக் கட்ட வச்சது சாயங்காலம் பாட்டிலாயிரும்.”

ரெக்சலின் பெட்டியின் வாயை அடைத்தாள். இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சின்ன வில்லையைக் கொடுத்து, பணம் வந்தால் அது மெல்ல அதிரும்படி மாற்றினாள். எண் பன்னிரண்டுக்கு இறங்கியது. பக்கத்துக் கடையில் பதினொன்று. அதற்கடுத்து எட்டு. மத்தியானத்துக்குள் நாற்பது பெண்களும் காற்றுப்பைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்திக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

சுதர்சனம் ஒப்பவில்லை. அந்தச் சத்தம்தான் நிறுவனத்துக்கு விளம்பரம். நேர்மையாகச் சம்பாதிப்பவர்களுக்கு எதற்கு ஒளிவுமறைவு என்றார்.

ஜெசிந்தா தயக்கமானியின் பட்டையைக் கழற்றி அவர் கையில் மாட்டினாள். “ஒங்க சம்பளம் எம்புட்டு சார்? பெட்டியில சொல்லச் சொல்லுங்க. ஒங்க மச்சினன்மாரும் கேக்கட்டும்.”

சந்தை சிரித்தது. கருவி தொண்ணூற்றேழில் போய் நின்றது.

பட்டையை அவிழ்க்கத் தடுமாறியபடியே, எல்லாப் பெட்டியிலும் சத்தத்தை அணைத்துவிடச் சொன்னார் சுதர்சனம். மெதுவாகத்தான் சொன்னார்.

ரெக்சலின் அன்றே அறிக்கையை அனுப்பினாள். காற்றுப்பைக்குத் தகுதியற்றவர் என்று கருவி கண்டுபிடித்தது ஒரே ஓர் ஆளைத்தான். அவருடைய பெயர், பதவி, படிப்பு எல்லாவற்றையும் பிழையில்லாமல் நிரப்பியிருந்தாள்.