மதகு மாகாணத்தின் வாக்கெடுப்பு

ஏரிநாட்டின் மூன்று மாகாணங்களில் மதகு மாகாணம்தான் சிறியது. மிதவை வீடுகள் இருபது, குடிமக்கள் அறுபத்தொரு பேர், அவ்வளவுதான். ஆனால் அதன் தலைவி தில்லைவாணி நடக்கிற நடையைப் பார்த்தால் ஏழு கடலையும் கட்டி ஆள்கிறவள் என்று தோன்றும்.

மற்ற இரண்டு மாகாணங்களையும் பார்த்து முடித்துவிட்டு, நாடறிபொறி அன்று காலை அங்கே வந்து இறங்கியது. ஒரு மக்கள் கூட்டம் நாடுதானா என்று உலகமன்றத்துக்குச் சொல்வது அந்தப் பொறிதான். ஒரு பகல் முழுக்க ஊர் பேசுவதைக் கேட்கும், மாலையில் தீர்ப்புச் சொல்லும். நாடு என்று சொல்லிவிட்டால் அந்த மண்ணையும் நீரையும் எவனும் தொட முடியாது. இல்லையென்றால் போச்சு, வெளியரசு ஏரியைத் தூர்த்து விண்கலத் தளம் கட்டிவிடும். பன்னிரண்டு வருஷமாக ஏரிநாடு தன்னைத் தானே நாடென்று சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாரும் சொல்லவில்லை.

ஏரிநாட்டு அதிபர் பரஞ்சோதி, வாணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். முந்தைய நாளே வந்து எச்சரித்திருந்தார். "எங்க பக்கம் தொள்ளாயிரம் பேரும் ஒரே குரல்ல பேசப் பழகிட்டாங்க. நீயும் உன் ஆளுங்களைக் கொஞ்சம் அடக்கி வை வாணி."

அடக்குவதாவது! மதகு மாகாணத்தில் பொழுது விடிந்தால் வாக்கெடுப்பு. அன்றைக்கு வாணியே ஆரம்பித்தாள். பொறி கிளம்பும்வரை மதகை மூடி வைத்தால் ஏரி நிறைந்து கம்பீரமாகத் தெரியுமே என்றாள்.

"கீழ்வயல்ல நாத்து காயுது. இதுல உனக்குக் கம்பீரம் ஒரு கேடா?" என்றார் மீன்கூண்டு வைத்திருக்கும் சிகாமணி.

வாணி பக்கம் முப்பது, சிகாமணி பக்கம் முப்பத்தொன்று. அந்த மாகாணத்தில் முடிவை அறிவிப்பது ஜெயித்தவர் வேலையல்ல. தோற்றவர்தான் எழுந்து நின்று, "இது என் முடிவு" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். வாணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். சொன்ன கையோடு தானே போய் மதகைத் திறந்தும் விட்டாள்.

மாலையில் பொறி பேசியது. "ஒத்திகை பார்த்துப் பேசுகிறவர்கள் நாடு அல்லர். தோற்றவரும் முடிவைத் தமதாக ஏற்கும் இடமே நாடு. ஏரிநாடு, நாடு அல்ல. மதகு மட்டும், நாடு."

அறுபத்தொரு பேரும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினார்கள். வாணிக்குப் பெருமை பிடிபடவில்லை. உலகத்திலேயே சின்ன நாடு, அதற்கு அவள் தலைவி!

சற்று நேரத்தில் பரஞ்சோதியின் படகு வந்தது. மனிதர் கரைகூட ஏறவில்லை. "எங்களை உன் நாட்டோட மாகாணமாச் சேத்துக்கம்மா. இல்லேன்னா நாளன்னைக்கே மண்ணைக் கொட்ட ஆரம்பிச்சுடுவாங்க. நீ பொறந்த வீடும் அங்கதான இருக்கு?"

பொறி இன்னும் கிளம்பவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மறுபடி வாக்கெடுப்பு.

"அவங்க நம்ம ஜனம்," என்று வாணி கெஞ்சினாள்.

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம ஜனந்தான், யார் இல்லேன்னா? ஆனா அவங்க தொள்ளாயிரம், நாம அறுபத்தொண்ணு. அதுவும் ஒண்ணாக் கை தூக்கிப் பழகினவங்க. நாளையிலேருந்து நாம எந்த ஓட்டுல ஜெயிப்போம், சொல்லு?"

சேர்க்கலாம் என்று இருபத்தெட்டு, வேண்டாம் என்று முப்பத்துமூன்று.

எல்லோரும் வாணியைப் பார்த்தார்கள். முடிவைத் தன் வாயால் சொல்ல மறுத்தால் மதகும் நாடாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எழுந்து படித்துறைக்குப் போய், அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உங்களைச் சேத்துக்கலைண்ணா. இது என் முடிவு."

அது அவளுடைய முடிவு என்றே பரஞ்சோதி நம்பினார். படகைத் திருப்பினார். வாணியின் குரல் துளியும் நடுங்கவில்லை. நடுங்காததில் அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் அப்புறம் அழுதாள்.