சூசையப்பர் கொடி

"இயேசுவை வளர்த்த சூசையப்பர் பைபிள்ல மொத்தம் எத்தனை வார்த்தை பேசியிருக்கார்?"

விஜயராணி டீச்சர் கேட்டதும் மறைக்கல்வி வகுப்பில் எல்லோரும் யோசித்தார்கள். ஜெனிட்டா யோசிக்காமலே கை தூக்கினாள். எப்போதும் அவள்தான் முதலில் தூக்குவாள்.

"நூறு, டீச்சர்!"

"ஒண்ணுகூட இல்லை."

"ஐயோ, ஊமையா டீச்சர்?" என்றான் ராஜ்கமல். வகுப்பே சிரித்தது.

டீச்சரும் சிரித்தார். "ஊமை இல்லைடா. அவர் பேசினதை யாரும் எழுதி வைக்கலை. செஞ்சதைத்தான் எழுதி வச்சிருக்காங்க. 'எழுந்திரு, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கிட்டு எகிப்துக்குப் போ'ன்னு கனவில் வானதூதர் சொன்னார். எழுந்தார், போனார்."

"எந்த வழியாப் போகணும்னுகூடக் கேக்கலையா?" என்றாள் ஜெனிட்டா.

"நீயா இருந்தா, வானதூதருக்கே வழி சொல்லிக் கொடுத்திருப்பே."

மறுபடியும் சிரிப்பு. ஜெனிட்டாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கோயில், சூசையப்பர் கோயில். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே இருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். தச்சு வேலை செய்த சூசையப்பர் அவர்களுக்குச் சொந்தக்காரர் மாதிரி. மே மாதம் முதல் தேதி திருவிழா. அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை கொடியேற்றம்.

"பழைய கொடி கிழிஞ்சு போச்சு. புதுசு யார் வீட்டில் தைச்சுத் தருவீங்க? தைக்கிற வீட்டுப் பிள்ளைதான் கொடியைப் பிடிச்சு முன்னால நடக்கணும்" என்றார் டீச்சர்.

"எங்கப்பா தைப்பாங்க! எங்கப்பா எக்ஸ்போர்ட் டைலர்!" ஜெனிட்டா எழுந்தே நின்றுவிட்டாள்.

டீச்சர் ஒரு பையைக் கொடுத்தார். "இந்தக் காடாத் துணியிலதான் தைக்கணும். சரியா?"

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தாள். கெட்டியான, மங்கலான துணி. அரிசி மூட்டை மாதிரி இருந்தது. சூசையப்பருக்கு இதுவா?

அப்பா கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த வெள்ளைப் பனியன் துணி ஒன்று அலமாரியில் இருந்தது. மெத்தென்று, பளபளவென்று இருந்தது. அதை எடுத்து நீட்டினாள்.

"கொடிக்கு இதுவா தாயி?" என்றார் அப்பா சவரிமுத்து. ஷிப்மெண்ட் அவசரத்தில் விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். கண்கள் சொருகின.

"இதுதான்பா அழகா இருக்கு."

"சரி, உன் இஷ்டம்."

வீட்டில் இருந்த பழைய மிதி மெஷினில் அப்பா தைத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு லில்லிப் பூ. அதற்குக் கீழே நீலத் துணியில் வெட்டிய எழுத்துகளில் சூசையப்பர் பெயர். காடாத் துணியை அம்மா எடுத்துக்கொண்டு, "தொட்டிலுக்கு நல்ல கெட்டித் துணி" என்று உத்தரத்தில் கட்டிவிட்டாள். எட்டு மாதத் தம்பி பிரிட்டோ அதில் சுகமாகத் தூங்கினான்.

கொடி தூக்கப்போவது தன் மகள் என்று அப்பா கம்பெனி முழுவதும் சொல்லிவிட்டார். அவரோடு தைக்கிறவர்கள் பலரும் வருவதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜெனிட்டா கொடியை ஒரு மூங்கிலில் கட்டி வாசலில் நட்டுவைத்தாள்.

காற்று அடித்தது. கொடி விரியவில்லை. அதன் கீழ்ப்பக்கம் நீண்டு தொங்கியது. ஓரம் உள்பக்கமாகச் சுருண்டது. லில்லிப் பூ முருங்கைக்காய் மாதிரி நீண்டுவிட்டது. சூசையப்பர் பெயரில் 'சூ' மட்டும்தான் தெரிந்தது.

வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார். "ஏங்கண்ணு, இது கொடியா, பொடலங்காயா?"

ஜெனிட்டா கொடியின் ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். பனியன் துணியின் குணம் அது. உடம்பில் போட்டால் சுகம். கொடிக்கு ஆகாது.

மாலையில் வரப்போகிறவர்கள் எல்லோரும் தையல்காரர்கள். 'சவரிமுத்து தைச்ச கொடியைப் பாரு' என்று சிரிப்பார்கள். தப்பு அவளுடையது. சிரிப்பு அப்பாவுக்கு.

டீச்சரிடம் ஓடி ஏதாவது காரணம் சொல்லலாமா? நான்கு காரணங்கள் உடனே தோன்றின. நான்கும் நன்றாகவே இருந்தன.

எழுந்தார், போனார். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

ஜெனிட்டா எழுந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிரிட்டோவை மெதுவாகத் தூக்கினாள். தொட்டிலை அவிழ்த்தாள். பிரிட்டோ விழித்துக்கொண்டு ஊரையே கூட்டினான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே துணியைத் துவைத்தாள், காயப்போட்டாள். சித்திரை வெயிலில் துணி சீக்கிரம் காய்ந்தது. பிறகு அவனை மடியில் வைத்துக்கொண்டு, சின்னக் கத்தரியால் பூவையும் எழுத்துகளையும் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரித்த நூலையெல்லாம் பிரிட்டோ தின்னப் பார்த்தான்.

மதியம் அப்பா வந்தார். தரையில் எழுத்துகள் கிடந்தன.

"டீச்சர் சொன்ன துணியிலேயே தைச்சிருக்கணும்பா. நான்தான் கேக்கலை" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா பனியன் துணியைப் பார்த்தார். அவளையும் பார்த்தார். "கம்பெனியில தப்பாத் தைச்ச ஆல்டர் பீஸ் திரும்பி வந்தா உட்கார்ந்து அழுவோமா?"

"இல்லைப்பா. பிரிச்சுத் தைப்பீங்க."

"பாதி வேலையை நீயே முடிச்சிட்டியே" என்று மெஷினில் உட்கார்ந்தார்.

மாலையில் கோயில் முன்னால் கூட்டம். தொட்டில் இல்லாததால் பிரிட்டோ பகல் முழுவதும் தூங்கவில்லை. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிணுங்கினான். அப்பா வாங்கினால் வீறிட்டான். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"வா ஜெனிட்டா, கொடியைப் பிடி" என்றார் டீச்சர்.

ஜெனிட்டா கொடியைப் பார்த்தாள். தோளில் ஒட்டிக்கிடந்த தம்பியைப் பார்த்தாள்.

"ராஜ்கமல் பிடிக்கட்டும், டீச்சர்."

அவள் ஏதாவது காரணம் சொல்வாள் என்று டீச்சர் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை.

ராஜ்கமலுக்குக் கண் விரிந்தது. "நிஜமாவா? பாதி வழியில திருப்பிக் கேக்கக் கூடாது!"

"கேக்கமாட்டேன். நேராப் பிடி."

தெருவைச் சுற்றி வந்த ஊர்வலத்தில் அவள் கடைசி வரிசையில் நடந்தாள். கோயில் வாசலில் சூசையப்பர் சுரூபம் இருந்தது. ஒரு கையில் லில்லிப் பூ, இடது கையில் குழந்தை இயேசு. ஜெனிட்டா பிரிட்டோவை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

பங்குச் சாமியார் ஜெபம் சொல்லிக் கொடியை மந்திரித்துக் கயிற்றை இழுத்தார். கொடி மெல்ல மேலே போனது. உச்சியில் காற்று பிடித்ததும் பட்டென்று விரிந்தது. லில்லிப் பூ பூவாகவே இருந்தது. பெயர் முழுவதும் தெரிந்தது.

"சவரி! ஒரு சுருக்கம் இல்லையேய்யா!" என்றார் அப்பாவோடு தைக்கிறவர் ஒருவர்.

"தையல்தான் என்னுது. பிரிச்சது, துவைச்சது எல்லாம் என் மக" என்றார் அப்பா. சொல்லும்போது அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிட்டாவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் சிரிக்க மட்டும் செய்தாள்.

இடுப்பிலிருந்த பிரிட்டோ சிணுங்கலை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான். தன் தொட்டில் வானத்தில் ஆடுவதைக் கண்டு இரண்டு கைகளையும் தட்டினான்.