அந்தோனியார் கிணற்றுத் தண்ணீர்

நனைந்த குடையைக்கூட மடக்காமல் லண்டன் நோர்பரியிலுள்ள அந்த வீட்டு வாசலில் நின்றாள் சயந்தினி. பரமேஸ்வரன்தான் குடையை வாங்கி வைத்து அவளை உள்ளே அழைத்து உட்கார்த்தினார். தம் மனைவியைத் தேடி இப்படி முகம் வெளிறி யாரேனும் வந்துவிட்டால் அவருக்குள் ஓர் உற்சாகம் கிளம்பிவிடும். அதை மறைக்க அவர் படும் பாடும் வெளியே தெரியும். அவர் மனைவி சந்திரவதனா, காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். தானாகத் தீப்பிடித்த கடையையும் வேண்டுமென்றே கொளுத்தப்பட்ட கடையையும் பிரித்தறிவதிலேயே காலத்தைக் கழித்தவரிடம், ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை.

வடதீவு முதியோர் வீடமைப்பு நிதியத்தின் செயலாளர் சயந்தினி. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, கடல் அடங்கிய நாட்களில் மட்டும் படகு போகிற கொண்டல்தீவில், பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்துவிட்ட முதியவர்களுக்குப் பன்னிரண்டு வீடுகள் கட்டுவது திட்டம். நிலம் அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்குச் சொந்தமானது. செலவில் பாதியை அரசாங்கம் ஒதுக்கியிருந்தது. மறுபாதி லண்டன் நிதியத்தின் பொறுப்பு. நிதியத்தின் சம்மதம் இந்த மாத முடிவுக்குள் போய்ச் சேராவிட்டால் அரசாங்கத்தின் ஒதுக்கீடும் திரும்பிவிடும். நிதியம் விதித்திருந்த நிபந்தனை ஒன்றே: கோயிற் கிணற்றுத் தண்ணீர் குடிக்கத் தக்கது என்று லண்டன் ஆய்வுகூடம் ஒன்று சொல்லவேண்டும்.

திட்டப் பொறியியலாளன் யனுஷன் தீவுக்குப் போய், ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தான். உப்பு எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, குடிக்கலாம் என்றது ஆய்வுகூடம். ஆனால் பரிசோதித்தவர், கேட்காத ஒன்றையும் சேர்த்து எழுதியிருந்தார்: நகரக் குழாய்நீரில் இடப்படும் குளோரினின் தடயம் இதில் இருக்கிறது. கொண்டல்தீவிலோ குழாய்நீரே கிடையாது.

கிணற்றுக்கு யாராவது குளோரின் தூள் போட்டிருக்கலாமே என்றார் பரமேஸ்வரன். தீவின் பங்குச்சுவாமியிடம் கேட்டாயிற்று, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாள் சயந்தினி. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"யனுஷன் தண்ணியை மாத்திப்போட்டான் எண்டு சனம் கதைக்குது, அன்ரி. வாற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை திட்டத்தையே கைவிடப் போயினம். அந்தப் பன்னிரண்டு பேரையும் அவன் வீடுவீடாய்ப் போய்ப் பார்த்து வந்தவன்."

போத்தல் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார் சந்திரவதனா.

தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியின் பங்குக்கோயில் மண்டபத்துச் சமையலறை அலுமாரியில் இருந்தது. யனுஷன் வீட்டில் வைத்தால் ஐயம் வரும், பொது இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் நிதியத்தின் உபதலைவர் கிருஷ்ணராசா. சனிக்கிழமை வைத்த போத்தலைப் புதன்கிழமை ஆய்வுகூடத்தார் எடுத்துப்போனார்கள். மண்டபக் கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு மூவரிடம் இருந்தது: யனுஷன், கிருஷ்ணராசா, மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் டொலறஸ். யாராவது தண்ணீரை மாற்றினார்களா என்று சயந்தினி மூவரிடமும் கேட்டிருந்தாள். மூவரும் இல்லை என்றார்கள்.

மறுநாள் தம்பதியர் அந்த மண்டபத்துக்குப் போனார்கள். ஆய்வுகூடம் திருப்பி அனுப்பிய போத்தலைச் சயந்தினி கொண்டுவந்து வைத்தாள். அதில் ஒட்டியிருந்த துண்டில் 'கொண்டல்தீவு, அந்தோனியார் கோயிற் கிணறு' என்றிருந்தது. அதற்கு மேலே, போத்தலின் தோளில், வெள்ளையாய் ஒரு சொட்டு உறைந்திருந்ததைப் பரமேஸ்வரன் கண்டுவிட்டார்.

"இஞ்சை பாரும். பசை. மூடியைத் திறந்துபோட்டு ஒட்டியிருக்கினம்."

சந்திரவதனா அதை நகத்தால் சுரண்டி விரல்களுக்கிடையே உருட்டினார். அது மென்மையாக நசிந்தது. "மெழுகு," என்றார். சமையலறைத் தொட்டியருகே, பயணங்களுக்குக் கொண்டுபோகும் சிறு போத்தல்கள் சில கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. சுவரில், செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் அந்தோனியார் நவநாள் செபம் என்ற அறிவித்தல். அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

கிருஷ்ணராசா எதையும் ஒளிக்கவில்லை. தீவில் வைத்தியரும் இல்லை, ஒழுங்கான படகும் இல்லை. வீடுகளைப் பெருநிலத்தில் கட்டவேண்டும் என்பதே தம் கட்சி என்று வெளிப்படையாகச் சொன்னார். பரமேஸ்வரனுக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பும் பேருந்தில், யனுஷனை மாட்டிவிடக் கிருஷ்ணராசா குழாய்நீர் கலந்த விதத்தை மனைவிக்கு நடித்தே காட்டினார். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தபோதுதான் குரலைக் குறைத்தார்.

ஞாயிறு காலை, கூட்டத்துக்கு முன்பே, சயந்தினியையும் திறப்பு வைத்திருந்த மூவரையும் சந்திரவதனா மண்டபத்தில் இருத்தினார். யனுஷன் யாரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டொலறஸ் எல்லோருக்கும் தேநீர் வார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி யனுஷனுக்குத் தண்ணி நல்லதாய் இருக்கோணும்," என்று தொடங்கினார் சந்திரவதனா. "ஆனா ஏமாத்த நினைச்சிருந்தால் வாற வழியிலை யாழ்ப்பாணத்திலையே நல்ல கிணத்திலை அள்ளியிருப்பார். அங்கை பார்க்க ஆருமில்லை. லண்டன் பைப் அவருக்கு என்னத்துக்கு? கிருஷ்ணராசா அண்ணைக்குத் தண்ணி கூடாததாய் இருக்கோணும். அவர் கை வைச்சிருந்தால் உப்புக் கூடியிருக்கும். பைப் தண்ணி விட்டால் உப்புக் குறையும். தன்ரை கட்சியைத் தானே தோற்கடிக்கிற வேலை அது."

"குளோரின் பிடிபடும் எண்டு தெரிஞ்சு விட்டிருந்தால்?" என்றார் பரமேஸ்வரன், விட மனமில்லாமல்.

"ஆய்வுகூடத்திட்டைக் கேட்டது உப்பை மட்டுந்தான். கேக்காததை எழுதுவினம் எண்டு நம்பி ஆரும் பொறி வைக்கமாட்டினம். அதோடை, மாத்த வந்தவர் முழுசாய் மாத்தியிருப்பார். இதிலை கிணத்துத் தண்ணியும் இருக்கு, பைப் தண்ணியும் இருக்கு. கொஞ்சத்தை எடுத்துப்போட்டு, எடுத்த அளவுக்குத் திருப்பி நிரப்பியிருக்கு."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்கள் காசியிலை இருந்து கொண்டந்த கங்கைத் தண்ணி ஏன் இன்னும் முடியேல்லை?"

பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "குறையேக்கை கொஞ்சம் விடுறனான்."

"எதை?"

"பைப் தண்ணியை."

கிருஷ்ணராசா சிரித்தேவிட்டார். சந்திரவதனா சிரிக்கவில்லை. அதே இயல்பான குரலில் கேட்டார்: "டொலறஸ், உங்கடை வீட்டிலை லூர்துத் தீர்த்தம் குறைஞ்சால் என்ன செய்வியள்?"

"இதென்ன கேள்வி, அக்கா. நாங்களும் பைப் தண்ணிதான் விடுவம். ஆனா விடுறது, இருக்கிற தீர்த்தத்தைவிடக் குறைவாய் இருக்கோணும். கூட விட்டால் ஆசீர் போயிடும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே தேநீர்க் கேத்தலைப் பிடித்திருந்த கை நின்றது. "அந்தோனியார் கோயிற் கிணறு எண்டு எழுதியிருந்துது. ஆரோ ஊரிலை இருந்து தீர்த்தம் கொண்டந்து வைச்சிருக்கினம் எண்டு நினைச்சன்."

பிறகு அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நவநாளின்போது போத்தலை எடுத்து அந்தோனியார் சுரூபத்தின் காலடியில், மெழுகுதிரிகளுக்கு நடுவே வைத்தாராம். சிறு போத்தல்களில் நோயாளிகளுக்கு வார்த்துக் கொடுத்தாராம். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் சத்திரசிகிச்சை முடிந்து கிடக்கும் தமக்கை பியற்றிசுக்கும் ஒன்று போயிற்று. அடுத்து வருபவர்களுக்கு இல்லாமல் போகக்கூடாதென்று பாதிக்குக் குறைவாகவே எடுத்து, குழாயில் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். தண்ணீரை மாற்றினீர்களா என்று சயந்தினி கேட்டபோது இல்லை என்றது, அவரளவில், முழு உண்மை.

யனுஷன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். சயந்தினி சம்மதக் கடிதம் அனுப்பக் கைப்பேசியை எடுத்துவிட்டாள். பழி நீங்கியது, தண்ணீரும் நல்லது. பரமேஸ்வரன் எழுந்து கைகொடுக்கவே தயாரானார்.

"பொறு பிள்ளை," என்றார் சந்திரவதனா. "உப்பு எல்லைக்குக் கொஞ்சம் கீழை எண்டு சொன்னது எந்தத் தண்ணியை?"

அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த முதல் ஆள் யனுஷன். அவன் முகத்தில் அப்போதுதான் வந்திருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. "பைப் தண்ணி கலந்ததை," என்றான். "கலக்காமலிருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும்."

"பியற்றிஸ் அக்காவும் உப்புக் கரிக்குது எண்டுதான் சொன்னவ," என்றார் டொலறஸ். "மருந்து குடிச்ச வாய் எண்டு நான் விட்டிட்டன்." குழாய்நீர் கலக்குமுன், பங்கில் ஒருவருக்கென்று எடுத்து வைத்த சிறு போத்தல் ஒன்று இன்னும் திறக்கப்படாமல் அவரிடம் இருந்தது. அதை அன்றே சந்திரவதனா ஆய்வுகூடத்துக்கென்று முத்திரையிட்டார்; கூட்டம் வியாழனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வியாழன் காலைக் கூட்டத்தில் ஆய்வுகூடத்தின் முடிவைச் சயந்தினி வாசித்தாள். குளோரின் இல்லை. உப்பு எல்லைக்கு மேலே.

"மாரி மழைக்குப் பிறகு அள்ளின தண்ணி இது," என்றான் யனுஷன். "கோடையிலை இதைவிட மோசமாய் இருக்கும்."

வெற்றி பெற்றவரின் குரலில் பேசவில்லை கிருஷ்ணராசா. பெருநிலத்தில் கட்டினால் பன்னிரண்டு வீடுகளையும் கட்டலாம், அங்கே தண்ணீருக்குக் குறைவில்லை என்று மெதுவாகவே சொன்னார்.

"அவை வரமாட்டினம், அண்ணை. நான் ஒவ்வொருவராய்க் கேட்டனான். கடல் தாண்டி வந்து சாகிறதுக்கு வீடு வேண்டாமாம்." யனுஷன் தன் வரைபடத்தை மேசையில் விரித்துக் கூரைகளின் மேல் விரலை ஓட்டினான். "பீலி வைச்சு மழைத் தண்ணியைப் பிடிச்சு, நிலத்துக்குக் கீழை தொட்டி கட்டினால் கோடைக்கும் காணும். ஆனா இருக்கிற காசுக்கு ஒன்பது வீடுதான் வரும்."

துலக்கிய புதிர் ஒவ்வொன்றின் முடிவிலும் யாரேனும் ஒருவர் மகிழ்ச்சியோடு வீடு போவதையே பரமேஸ்வரன் பார்த்திருந்தார். இன்று யார் முகத்திலும் அது இல்லை.

"ஒன்பதுக்கு நான் சம்மதம், கிணத்து நிபந்தனையை எடுத்துவிடுவம்," என்றார் கிருஷ்ணராசா கடைசியில். "ஆனா விடுபடுற மூண்டு பேரை ஆர் தெரிவு செய்யிறது?"

"நானும் இல்லை, நீங்களும் இல்லை. அவையிட்டையே கேக்கிறன்," என்றான் யனுஷன்.

தீவில் அப்போது பின்னேரம். அங்குள்ள முதியோர் சங்கத்தை நடத்தும் செபமாலைமுத்துவின் தொலைபேசி இலக்கத்தை எடுத்துக்கொண்டு அவன் நடைபாதைக்குப் போனான். இனிக் கலைந்து போகலாம் என்றாலும் ஒருவரும் எழவில்லை. கதவு முழுதாகச் சாத்தப்படாததால் மறுமுனையில் மணி அடிப்பதும், யாரோ எடுப்பதும், அவன் ஒருமுறை மூச்சை இழுத்துக்கொள்வதும் உள்ளே கேட்டன.

"ஐயா, யனுஷன் கதைக்கிறன், லண்டனிலை இருந்து. ஓம், எல்லாரும் சுகம். வீடு கட்டுறது உறுதி ஐயா. ஆனா அந்தச் சந்தோசத்தை ஆருக்கும் இப்ப சொல்லிப்போடாதேங்கோ. முதல் நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ."