பெரால்தாவின் நாற்காலி

மாத்தே என்கிற இலைத் தேநீரைக் குடித்து முடிக்கும்போது கடைசியில் ஒரு சத்தம் வரும். சுரைக் குடுக்கையில் வெந்நீர் தீர்ந்து, உலோகக் குழல் வெறும் இலையை உறிஞ்சும்போது எழுகிற கரகரப்பு. உருகுவேயின் சால்டோ நகரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தன் மூச்சுச் சத்தம்போலப் பழகிப்போன ஒன்று. நெலிடா இசைத்தட்டைத் திருப்பிப் போடக் குனிந்திருந்தபோது, அந்தச் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வீட்டில் அவளைத் தவிர ஆளில்லை. ஜனவரி வெயிலுக்குப் பயந்து தெரு முழுக்கச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்குகிற பிற்பகல் வேளை அது. மரச்சட்டங்களின் இடுக்கு வழியே வந்த வெளிச்சம் தரையில் கோடுகோடாகக் கிடந்தது. எழுதுமேசைக்கு எதிரே பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் முக்காலியில், அவள் ஊற்றிவைத்த குடுக்கை. எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தான் வளர்க்கும் பூனைகள்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்தப் பூனை குழலில் உறிஞ்சும் என்று யோசிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

நாவல் எழுதும்போது கதாபாத்திரம் வாய் திறக்க மறுத்தால், எதிரே ஒரு நாற்காலி போட்டு அதற்கு மாத்தே ஊற்றி வைப்பது நெலிடாவின் பழக்கம். சேர்ந்து குடிக்கிறவன் எப்படியும் பேசித்தானே ஆகவேண்டும்? அவன் பங்கையும் கடைசியில் அவளே குடித்துவிடுவாள். முந்தைய இரண்டு நாவல்களும் அப்படித்தான் எழுதி முடிந்தன. மூன்றாவது மட்டும் வருடக்கணக்காக நகராமல் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அதில் வருகிறவன் பெரால்தா. ஊர் தூங்கும் பிற்பகலில் ஈரக் கம்பளி வாடையோடு வீடு புகுந்து, சும்மா உட்கார்ந்திருப்பவன். பூனைகளும் குழந்தைகளும் அவனிடம் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். அவன் மடியில் தூங்கியது எதுவும் பிறகு எழுந்திருக்காது. குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை. ஈரத் தலையோடு ஓடிவந்து எழுதிவைத்து, அன்றைக்கெல்லாம் பெருமையில் மிதந்தாள்.

அன்று குடுக்கையில் மறுபடியும் ஊற்றினாள். அதுதான் அவள் செய்த தப்பு. பயந்துகொண்டேதான் ஊற்றினாள், ஆனால் ஊற்றினாள். ஏனென்றால் உட்கார்ந்த மாத்திரத்தில் எழுத்து வந்தது. பக்கம் பக்கமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. எதிரே கரகரப்பு கேட்கும். நிமிர்ந்து பார்க்காமல் கையை நீட்டிக் குடுக்கையை எடுப்பாள், நிரப்புவாள், வைப்பாள். இசைத்தட்டில் பாண்டோனியான் என்கிற துருத்தி வாத்தியம் இழுத்து இழுத்து அழுதது. பிரம்பு நாற்காலிக்குக் கீழே இருந்த தரைப்பலகை அதற்குத் தாளம் போட்டது.

கொஞ்ச நாளில் கறுப்புப் பூனை மோரா அந்த நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை என்றாயிற்று. ஒரு பிற்பகல் நெலிடா பேனாவை வைத்துவிட்டு அதைச் சரியாகப் பார்த்தாள்.

மோரா சுருண்டு படுத்துக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. அதன் வயிறு பிரம்பைத் தொடவில்லை. பூனைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அதன் வழியே பின்சுவரில் அடுக்கியிருந்த புத்தகங்கள் தெரிந்தன. முதுகு ரோமம் கழுத்திலிருந்து வால்வரை மெதுவாகப் படிந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் படிந்தது.

  குறுகுறுப்பு தணிந்து, தணிந்து, நின்றது. பிறகு பூனை பொத்தென்று நாற்காலியில் விழுந்தது. யாரோ எழுந்துகொண்டதுபோல.

மோராவைத் தோட்டத்து ஆரஞ்சு மரத்தடியில் புதைத்தாள். அழுதாள். இன்னொரு பூனை, மஞ்சள் நிற ஃபிதேயோ, கூரையேறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அன்றோடு மாத்தே ஊற்றுவதை நிறுத்தினாள். கையெழுத்துப் பிரதி மொத்தத்தையும் இறைச்சி வாட்டும் அடுப்பில் போட்டுக் கொளுத்தினாள். நாவல் போனால் போகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தாள். மனசு கிடந்து துடித்தது. நாற்காலி கிடந்த முன்னறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தங்கை ஒல்கா தன் ஐந்து வயது மகள் பிலாரோடு வந்து இறங்கினாள்.

"வீட்ல தண்ணிக் குழாய் வெடிச்சுப்போச்சுக்கா. ரெண்டு நாளைக்கு எங்கள வச்சுக்கோ."

"இங்க வேணாம் ஒல்கா. ஓட்டல்ல தங்கிக்கோ, காசு நான் தரேன்."

"ஏன், உன் பூனைங்களுக்கு நாங்க இடைஞ்சலா?" ஒல்கா பையைக் கட்டிலில் எறிந்தாள். "மூஞ்சி ஏன் இப்படி வெளிறிப்போயிருக்கு? உன் நாவல்காரன் பேசமாட்டேங்கிறானா?"

இரவு சாப்பிட்டபின் நெலிடா சொன்னாள். முழுவதும் இல்லை, பாதி. நாற்காலியைப் பற்றியும் மாத்தேயைப் பற்றியும் சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒல்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சரி, அவன் நன்றி சொன்னானா?"

"என்னது?"

"குடிச்சது போதும்னா நன்றி சொல்லித்தானே குடுக்கையத் திருப்பித் தருவாங்க? அவன் சொல்லவே இல்ல, நீ பாட்டுக்கு ஊத்துறத நிறுத்திட்டே. வந்த விருந்தாளிய நடுவுல விட்டுட்டு எந்திரிச்சுப் போனா அவன் போவானா? நம்ம அப்பா இருந்திருந்தா உன்னை வெளுத்து வாங்கியிருப்பாரு."

"விளையாடாத ஒல்கா."

"நீதானேக்கா விளையாட்ட ஆரம்பிச்சே!"

உருகுவேயில் பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரிந்த மரியாதை அது. நெலிடா சாவி கழுத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் ஃபிதேயோ கூரையிலிருந்து இறங்கி வந்து பிலாரின் காலை உரசியது. முன்னறையிலிருந்து சத்தமே இல்லை. ஈரக் கம்பளி வாடையும் இல்லை. நெலிடா பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள். ஒல்கா வேலைக்குப் போனபின், சாப்பிட்ட களைப்பில், பிலாரை அணைத்தபடி கட்டிலில் சாய்ந்தாள். குழந்தையின் தலையில் ஆரஞ்சுப் பூ சோப்பின் வாசனை அடித்தது.

பாண்டோனியான் சத்தம் அவளை எழுப்பியது.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவினாள். பக்கத்தில் படுக்கை விரிப்பு மட்டும்தான் இருந்தது. அதில் இன்னும் சூடு இருந்தது.

கழுத்தைத் தொட்டாள். சங்கிலி இருந்தது. சாவி இல்லை.

நடைவழி இருட்டாக இருந்தது. வெறுங்காலில் ஓடினாள். தரை ஓடு குளிர்ந்தது, இந்த வெயிலில். முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து வாடை வந்தது. மழையில் நனைந்து காயாத கம்பளி.

"பிலார்?"

"இங்க இருக்கேன் பெரியம்மா." தூக்கம் தோய்ந்த குரல். "இந்தத் தாத்தா கதை சொல்றாரு."

கதவைத் தள்ளினாள்.

பிலார் காற்றில் உட்கார்ந்திருந்தாள். பிரம்பு நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, கால்களைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, இல்லாத ஒரு மார்பில் கன்னம் அழுந்த. அழுந்திய கன்னம் தட்டையாகியிருந்தது. நெற்றி முடி விலகியது. படிந்தது. விலகியது.

"எந்திரி கண்ணு. பெரியம்மாகிட்ட வா. பிலார்! தூங்காதே!"

"கொஞ்ச நேரம் பெரியம்மா."

பாய்ந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. அவளுடைய விரல்களுக்கு அடியில் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்த, நீளமான, ஈர விரல்கள். அவை குழந்தையை இறுக்கவில்லை. சும்மா ஏந்தியிருந்தன.

"போதும்!" நெலிடா அலறினாள். "நன்றி சொல்லிடு! என்மேலதான் கோபம்னா என்னை எடுத்துக்கோ! நன்றி சொல்லு! சொல்லித் தொலை!"

தரைப்பலகை தாளம் போட்டது. ஒல்கா வர இன்னும் நேரமிருந்தது. தெரு முழுக்கத் தூங்கியது. அவள் குழந்தையின் கன்னத்தில் அறைந்தாள். உலுக்கினாள். மறுபடியும் அறைந்தாள்.

பிலார் பாதிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். கொட்டாவி விட்டாள். கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இமைகள் இறங்கின. சிரமப்பட்டு ஒருமுறை ஏறின.

இறங்கின.