வெட்ட மனம் வராத காட்சிகள்

“ஐயோ... குடையை எடுங்க சார்!”

அவள் கத்தியதில் மிரண்டு போனவன் படக்கென்று குடையைத் தூக்கினான். அதில் மிச்சமிருந்த தண்ணீரும் மேசைமேல் பரப்பியிருந்த தாள்களிலேயே கொட்டியது.

மூக்குக் கண்ணாடிக் கடையில் மதியம் ஆள் வராது. அந்தத் தைரியத்தில்தான் அவள் தன் நாவலைக் கடை பரப்பியிருந்தாள். பாதியாகக் குறைத்தால் போடலாம் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். எதை வைப்பது, எதை எடுப்பது... தாள்களை மாற்றி மாற்றி அடுக்கினாளே தவிர, ஒரு வரியைக்கூட வெட்ட மனம் வரவில்லை.

“மன்னிச்சிடுங்க... கண்ணு சரியா தெரியாமத்தானே உங்க கடைக்கே வர்றேன்!”

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மழையில் நனைந்த இமைகள்... எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி ஒரு பார்வை. கிட்டப்பார்வைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஒவ்வொரு தாளாக எடுத்து மின்விசிறிக்கு அடியில் அவனே காய வைத்தான். வைக்கும்போது மூக்கு தாளில் இடித்தது.

“படிக்காதீங்க!”

“படிக்கலங்க... அதுவா கண்ணுல படுது. நானும் வெட்டற வேலைதான் பாக்கறேன். கல்யாண வீடியோ எடிட்டர். நாள் முழுக்க நடந்த கல்யாணத்தை ஒரு மணி நேரத்துல அடக்கணும். யாரோட சித்தப்பாவை எடுத்தாலும் வீட்டுக்கே சண்டைக்கு வந்துடுவாங்க.”

கண்ணாடி தயாராகி, அவன் வாங்கிப் போனான். இரண்டே நாளில் திருகாணி கழன்றுவிட்டது என்று வந்து நின்றான். அடுத்த வாரமும் வந்தான்... அதே திருகாணி. அது தானாகக் கழன்றதல்ல என்று அவளுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரியே முடுக்கிக் கொடுத்தாள். மூன்றாம் முறை வந்தபோது, அவன் கேட்காமலே நாவலைக் கையில் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. அந்த நாவல் முழுக்க அப்பா இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்ட அப்பா. பேருந்து ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் அவளும் அக்காவும் அவர் வண்டியின் கடைசி இருக்கையில் ஏறிக்கொள்வார்கள். ஊரெல்லாம் சுற்றும் வண்டி... எஞ்சின் சூடு, டீசல் வாசம், பின்புறம் காட்டும் கண்ணாடியில் அவ்வப்போது வந்து போகும் அப்பாவின் கண்கள்... எங்கே போனோம் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை. அந்தக் கண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அவன் நாவலோடு திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“தப்பா நினைக்கக் கூடாது... அப்பா ஏழு சீன்ல வர்றார். ஏழுலயும் நல்லவராவே இருக்கார். ரெண்டு போதும்.”

“எங்க அப்பா நல்லவர்தான்!”

“இல்லன்னு சொல்லலயே... ஆனா சுவர்ல மாட்டின போட்டோ மாதிரி இருக்கார். உயிரோட ஒரு மனுஷனா தெரியல.”

அவள் தாள்களை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “போட்டோதாங்க இருக்கு. ஆள் இல்ல. உங்களுக்கு வெட்டறது பொழப்பு... எனக்கு அப்படியில்ல. நீங்க கிளம்பலாம்.”

அவன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திருகாணி அதன் பிறகு கழலவே இல்லை.

மழை மட்டும் விடாமல் பெய்தது. கடை வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டால் அவள் தலை தானாக நிமிர்ந்தது. ‘வந்தா வரட்டும்... வராட்டி போகட்டும்’ என்றது வாய். மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனில் புலம்பினாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அந்த ஆளு சரியாத்தான்டி சொல்லியிருக்கார். உன்னை வண்டியிலயே மறந்துட்டு அப்பா வீட்டுக்கு வந்தாரே, அதை எழுதினியா?”

“அது... எதுக்குக்கா?”

“எதுக்கா? அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், நீ மட்டும்தான் வண்டியில போன. கடைசி சீட்ல தூங்கிட்ட. வீட்டு வாசல்ல அம்மா ‘சின்னவ எங்க’ன்னு கேட்டதும், செருப்புகூட போடாம டிப்போவுக்கு ஓடினார். உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு வரும்போது தேம்பித் தேம்பி அழுதார்டி. அப்பா அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.”

அவள் போனை வைத்தாள். எழுத உட்கார்ந்தாள். தூக்கக் கலக்கத்தில் கன்னத்தில் உரசிய காக்கிச் சட்டையும், சட்டைக்குள் ஓடி வந்த நெஞ்சின் படபடப்பும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தேன்... எழுத எழுதக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

அடுத்த நாள் ரோஷத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, கடை ரசீதில் இருந்த முகவரியைப் பார்த்து அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரண்டு கணினித் திரைகள். ஒன்றில் ஒரு மணப்பெண் பாதிக் கொட்டாவியில் உறைந்து நின்றாள். இவளைப் பார்த்ததும் அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டது.

“படிங்க,” என்று தாள்களை நீட்டினாள்.

படித்து முடித்தவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இப்பத்தாங்க உங்க அப்பாவை நேர்ல பாக்கறேன்...”

“இதையும் பஸ் பயணத்தையும் வெச்சிக்கிட்டேன். மத்ததெல்லாம் எடுத்துட்டேன். அழுதுக்கிட்டேதான் எடுத்தேன்.”

“அன்னைக்கு நான் கொஞ்சம் பக்குவமா சொல்லியிருக்கலாம்...”

“நானும் கொஞ்சம் பக்குவமா கேட்டிருக்கலாம்.”

தாள்களை வாங்கிக்கொண்டு அவள் கதவு வரை போய்விட்டாள்.

“ஒரு நிமிஷம்...” அவன் கூப்பிட்டான். “உங்ககிட்ட பேச மனசுக்குள்ள பெருசா எழுதி வெச்சிருந்தேங்க. முதல்ல மழை, அப்புறம் உங்க கோபம், நடுவுல என் அம்மாவைப் பத்தி ரெண்டு வார்த்தை... இப்ப எல்லாத்தையும் வெட்டிட்டேன். மிச்சம் ஒண்ணுதான் இருக்கு.” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டான். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவள் திரும்பவில்லை. கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

“எனக்கும்தான்...” என்றாள், கதவைப் பார்த்தபடியே.