ஆள் ஏறாத ஊஞ்சல்

இயக்கும் அறையின் விளக்குப் பலகையில் பதினேழாம் இருக்கைக்கான விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. ஆள் உட்கார்ந்து, மார்புக்கு மேல் கம்பி பூட்டிக்கொண்டால்தான் பச்சை எரியும். காலி இருக்கைக்குச் சிவப்பு. காலை ஒன்பது மணிக்குப் பூங்காவின் வாசல்கூடத் திறக்கவில்லை. ராட்சத ஊஞ்சலில் ஈ காக்கை இல்லை.

ஊஞ்சலை இயக்குபவள் மேடைக்குப் போனாள். பதினொரு வருஷமாக அவள் விளக்கை நம்பியதில்லை. முப்பத்திரண்டு கம்பிகளையும் தினமும் தன் கையால் அழுத்திப் பார்ப்பாள். பிறகு ஆளில்லாமல் ஓர் ஓட்டம். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் ஏறலாம். இரவு பெய்த மழையில் இருக்கைகளெல்லாம் ஜில்லிட்டுக் கிடக்க, கம்பி தானாகப் பூட்டிக்கொண்டிருந்த பதினேழாவது மட்டும் யாரோ வெகுநேரமாய் உட்கார்ந்திருப்பது போல வெதுவெதுப்பாக இருந்தது. கிரீஸ் வாடைக்கு அடியில், கழுவாத தலைமுடியின் வாடை.

“வயர் நனைஞ்சிருக்கும்க்கா,” என்ற ஃபிட்டர், வயரை மாற்றினான். பச்சை போகவில்லை. பல்பையே கழற்றினான். பதினெட்டு பச்சையானது.

“எனக்குக் கப்பல் ரைடுல வேலை கெடக்குக்கா,” என்று பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கீழே ஊஞ்சலின் கேட்டுக்கு வெளியே வரிசைகட்டினார்கள். முதல் ஆளாக அவளுடைய மகள் நின்று கையாட்டினாள். மேனேஜர் மூச்சு வாங்க மேலேறி வந்தார்.

“பல்பு எரியுதுன்னு ரைடை நிறுத்துவாங்களாம்மா? உங்க பொண்ணு இருக்கேன்னு பயமா?”

“யார் பெத்த பிள்ளையா இருந்தா என்ன சார்? ஏத்த மாட்டேன்.”

“சும்மா ஓட்டிக் காட்டுங்க. எல்லாம் சரியாயிடும்.”

ஓட்டினாள். ஊஞ்சல் முனகிக்கொண்டே முன்னும் பின்னும் உயர்ந்தது. அதன் நிழல் அறையின் கண்ணாடியைத் தடவித் தடவிப் போக, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு சிவப்பு அணைந்து ஒரு பச்சை எரிய, உச்சியில் அது ஒரு கணம் நின்றபோதெல்லாம், இரும்பின் கிறீச்சிடலுக்கு அடியில் பலர் சேர்ந்து மூச்சை உள்ளிழுக்கும் ஓசை கேட்டது.

“காத்து,” என்றார் மேனேஜர், யாரும் கேட்காமலேயே. பிறகு பலகையைப் பார்த்து, “ம்... எல்லாம் பச்சை. ரெடி. பிள்ளைங்கள ஏத்துங்க,” என்றார்.

“எடமில்ல சார். எல்லா சீட்லயும் ஆள் இருக்கு.”

நிறுத்தும் பொத்தானை அறைந்தாள். ஊஞ்சல் தணிந்தது. நின்றது. அப்போதுதான் அந்தப் பிசகு நடந்தது. ஊஞ்சல் நின்றதும் கம்பிகளைத் திறந்துவிடுவது பதினொரு வருஷப் பழக்கம். அவள் யோசிக்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

முப்பத்திரண்டு கம்பிகளும் மேலெழுந்தன.

மேடைத் தகரம் ஓர் இடத்தில் அமுங்கியது. பக்கத்தில் இன்னோர் இடம். பிறகு வரிசையாக.

மேனேஜர் பின்பக்கக் கதவால் பறந்தார். அவள் முன்பக்கப் படிகளில் குதித்திறங்கி, கேட்டுக்கு வெளியே வந்து, அதை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள்.

“பஸ்ஸுக்கு ஓடுங்க! எல்லாரும்!”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“அம்மா, யாரும்மா அவங்கல்லாம்?” என்றாள் மகள்.

சிரிப்பு நின்றது.

“ஓடுடி!”

காலடிகள் சிதறின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே, இரும்புப் படிகள் மேலிருந்து ஒவ்வொன்றாக அதிர்ந்தன. கடைசிப் படி. பிறகு அமைதி. உள்ளங்கைக்கு அடியில் தாழ்ப்பாள் மெல்ல எழும்பியது. அவள் அழுத்தினாள். மறுபடி எழும்பியது.

“முடியாது,” என்றாள். “இந்த வழியா யாரும் போக முடியாது.”

கேட்டின் கம்பிகளில் மழைத்துளிகள் கோத்திருந்தன. அவள் முகத்துக்கு நேராக, விரல்கள் பற்றினாற்போல, நான்கு துளிகள் ஒன்றாக அழிந்தன. பக்கத்தில் நான்கு. மேலே நான்கு. இடுப்புயரத்தில், சின்னதாக, நெருக்கமாக, நான்கு.