லயத்துத் தகரம்

பாடாங் செராய் ஊருக்கு அப்பாலிருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்துக்குக் கேப்ரியல் வேலிக் காவலராக வந்து சேர்ந்த அன்று நல்ல மழை. முதுகு போன பிறகு கிடைத்த வேலை. கூடவே ஒரு வீடு. நோயில் கிடந்த மனைவி அக்னஸை நனையாமல் உள்ளே சேர்த்தபோது அவருக்கு அதுவே போதுமென்றிருந்தது.

வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் புவனேசன் வேலியைச் சுற்றிக் காட்டினான்.

"துரை காலத்துல சுத்தி ஆழமா கானு வெட்டுனாங்கண்ணே, பன்னி நீந்தி வந்துச்சு. முள்ளுக்கம்பி போட்டாங்க, அடியில தோண்டுச்சு. கரண்டு விட்டாங்க, பேட்டரிய எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். கடைசியா ஆளுங்க குடியிருந்த லயத்து வீடுங்கள இடிச்ச தகரம். இதான் நிக்குது."

"பன்னி பூந்து செம்பனைக் கன்னு போச்சுன்னா?"

"வேற ஆளு பாப்பாங்கண்ணே. வீடும் அவனுக்குத்தான்."

தகரங்களின் உட்புறம் அடுப்புக் கரி ஏறிக் கறுத்திருந்தது.

அந்தி சாயும் நேரத்தில் கருவாடு சுடும் வாசனை வந்தது.

தட். தட்.

பன்றி உடம்பால் மோதும். இது வேலியின் ஒரு தகரத்தை வெளியிலிருந்து விரல் முட்டியால் தட்டும் ஓசை.

மறுநாள் கேப்ரியல் அந்தத் தகரத்தைக் காட்டிச் சொன்னதும் புவனேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அது பிச்சையம்மா வீட்டுத் தகரம். இடிச்ச அன்னைக்கு வாசல்ல உக்காந்துச்சு, எந்திரிக்கவே இல்ல. தொறந்துடாதீங்கண்ணே. பன்னிக்கு வழி விட்ட மாதிரி ஆயிரும்."

கேப்ரியல் அதை வீட்டில் சொன்னார். அக்னஸ் போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்: "மழையிலயா நிக்குது?"

"பன்னி வந்துட்டா நாமளும் மழையிலதான்."

"நமக்குக் கேக்க வாயாச்சும் இருக்கு."

அன்று மாலையும் தட்டல் கேட்டது. கேப்ரியல் சிலுவை போட்டுக்கொண்டு கட்டுக்கம்பியைக் குறடால் முறுக்கி அவிழ்த்து, தகரத்தை விலக்கினார்.

"உள்ள வாங்கம்மா."

யாரும் இல்லை. ஈரச் சேலை ஒன்று அவர் கையை உரசிக்கொண்டு போனது.

தகரத்தை மூட இழுத்தார். நகரவில்லை.

வெளியே புதர் அசைந்தது. உறுமல். ஒன்றல்ல, ஒரு கூட்டம். அவர் பலமெல்லாம் திரட்டி இழுத்தார். முதுகு விண்ணென்று தெறித்தது. பின்னால் புதுக் கன்றுகள். அதற்கும் பின்னால் அக்னஸ் படுத்திருக்கும் வீடு.

முதல் மூக்கு இடைவெளிக்குள் நுழைந்தது.

"ச்சூ. போ."

அவர் காதருகே, அடுப்படியில் கோழி விரட்டும் ஒரு கிழவியின் சலித்த குரல்.

பன்றிகள் அலறிக்கொண்டு சிதறின. தகரம் தானாகவே சாத்திக்கொண்டது. கேப்ரியல் அதன் கரி படிந்த பக்கத்தைத் தொட்டார்.

சுட்டது.

அடுத்த நாள் ஒரு கன்றுகூடக் குறையவில்லை. புவனேசன் தலையாட்டிவிட்டுப் போனான். இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று கேப்ரியல் நினைத்துக்கொண்டார். மாலையில் மறுபடி மழை தொடங்கியது. பிச்சையம்மா வீட்டுத் தகரம் அமைதியாக இருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய புகை மட்டும் கசிந்தது.

தட். தட்.

பக்கத்துத் தகரம்.

அவர் பெருமூச்சு விட்டுக் குறடைத் தேடி எடுத்தார். அதற்குள் அடுத்ததிலும் தட்டல் கேட்டது. அதற்கடுத்ததிலும். பிறகு மழைக்குள் வேலி மறையும் கோடி வரை, பொறுமையாக, ஒவ்வொரு வீட்டிலும்.